பதேர் பாஞ்சாலி: எந்த டிஸ்க் வாங்குவது, எதில் போடுவது, பூசணம் பிடித்தால் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவர் வீட்டு முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பழைய படம் பார்க்கிறோம். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை மட்டும் இதுவரை மூன்று தடவை போட்டாயிற்று, ஒவ்வொரு தடவையும் வேறு டிஸ்க். 1955இல் வந்த கறுப்பு வெள்ளை வங்காளப் படம் அது. ஏழைப் புரோகிதர் குடும்பம், அக்கா துர்கா, தம்பி அபு, வீட்டோடு ஒட்டிக்கொண்ட ஒரு கிழவி. படம் முடிந்து டீ வரும்போது கதையைப் பற்றிப் பேசுவதை விட டிஸ்கைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

சுத்தி வளைக்காமல் சொல்லுங்கள் சார், எதை வாங்குவது?

பணம் இருந்தால் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 2015இல் வெளியிட்ட புளூரே (டிவிடிக்கு அடுத்து வந்த, இன்னும் தெளிவான டிஸ்க்) தொகுப்பு. மூன்று டிஸ்க், ‘பதேர் பாஞ்சாலி’யோடு அதன் தொடர்ச்சியான ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ இரண்டும் அதிலேயே இருக்கின்றன. ஆனால் ஆர்டர் போடுவதற்கு முன் கீழே பிளேயரைப் பற்றிய பதிலைப் படித்துவிடுங்கள். படிக்காமல் வாங்கிவிட்டு “ஓட மாட்டேங்குதுங்க” என்று என்னிடம் வந்தவர்கள் இதுவரை இரண்டு பேர்.

எதையெதை வைத்து ஒப்பிட்டீர்கள்?

நான்கு பதிப்புகள். கோவையில் மூடப்போகும் கடை ஒன்றில் வாங்கிய இரண்டு டிஸ்க் வீசிடி (டிவிடிக்கு முந்தைய வகை); 2003இல் அமெரிக்காவில் வந்த டிவிடி; லண்டனிலிருந்து சித்தப்பா மகன் கொண்டு வந்த டிவிடி; அப்புறம் மேலே சொன்ன புளூரே.

முழுப் படத்தையும் நான்கு தடவை ஓட்டி ஒப்பிட முடியாது, மனசு தாங்காது. அதனால் ஐந்து இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டேன். நாணல் பூத்த வெளியில் ரயில் வருவது. மிட்டாய்க்காரனும் பிள்ளைகளும் நாயும் வரிசையாகப் போவது குளத்துத் தண்ணீரில் தலைகீழாகத் தெரிவது. கிழவி இந்திரின் முகம். புயல் இரவு. கடைசியாக, அபு அந்த மாலையைக் குளத்தில் எறிவது.

அந்தக் கடைசி இடம் ஒன்றே போதும் என்று இப்போது தோன்றுகிறது. செத்துப்போன அக்கா திருடி ஒளித்து வைத்திருந்த மாலை தம்பி கையில் கிடைக்கிறது. யாருக்கும் தெரியாமல் பாசி படர்ந்த குளத்தில் வீசுகிறான். பாசி விலகி ஒரு கறுப்பு ஓட்டை விழுகிறது. அப்புறம் அந்த ஓட்டை மெல்ல மெல்ல மூடிக்கொள்கிறது. வீசிடியில் குளம் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்து, ஓட்டை விழுந்ததா மூடியதா என்றே தெரியவில்லை. அமெரிக்க டிவிடியில் ஓட்டை தெரிகிறது, பாசி மட்டும் மாவு கரைத்து ஊற்றியதுபோல் இருக்கிறது. லண்டன் டிவிடியில் இன்னும் கொஞ்சம் தெளிவு. புளூரேயில் பாசியின் ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாக நகர்ந்து வந்து ஒட்டுகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது அறையில் டம்ளர் சத்தம்கூட இல்லை.

அவ்வளவு வித்தியாசமா? எல்லாம் ஒரே படம்தானே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீசிடியில் ஒரு கட்டத்துக்கு (பிரேமுக்கு) 352க்கு 288 புள்ளிகள், சுமார் ஒரு லட்சம். அமெரிக்க டிவிடியில் மூன்றரை லட்சம், லண்டன் டிவிடியில் நாலு லட்சத்துச் சொச்சம். புளூரேயில், இந்தப் படத்தின் ஏறக்குறையச் சதுரமான வடிவத்துக்கு, கிட்டத்தட்ட பதினாறு லட்சம்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. என் அப்பா ஊட்டியில் ‘ஃபிலிம் ஃபேக்டரி’யில் இருந்தவர். இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸை ஊரில் அப்படித்தான் சொல்வோம். 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த நிறுவனம். ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா பாசிட்டிவ் (தியேட்டரில் ஓட்டும் பிரதிக்கான ஃபிலிம்) எல்லாம் அங்கே தயாராயின. அப்பா ஒரு போட்டோவைக் கையில் எடுத்தால் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டார். “கறுப்பும் வெளுப்பும் யார் எடுத்தாலும் வந்துடும்டா. நடுவுல சாம்பல் எத்தனை இருக்குன்னு எண்ணு” என்பார்.

டிஸ்கையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். வீசிடியில் சாம்பலே இல்லை. வீசிடி போட்ட அன்று வந்திருந்த, கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றைச் சேர்ந்த ஒரு அம்மா, “அந்தப் பாட்டிக்குக் கண்ணு தெரியாதா தம்பி?” என்று கேட்டார். இந்திரின் கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள்தான் இருந்தன. அதே அம்மா புளூரேயையும் பார்த்தார். கிழவி கொய்யாப் பழத்தை வாங்கிக்கொண்டு சிரிக்கிறபோது கண்ணும் சேர்ந்து சிரிப்பது தெரிந்து, இவரும் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

நெகட்டிவ் எரிந்துபோய்விட்டது என்கிறார்களே. அப்புறம் எப்படி இவ்வளவு புதிதாக இருக்கிறது?

எரிந்தது உண்மை. ராய் 1992 ஏப்ரலில் காலமானார். அவருடைய படங்களைப் புதுப்பிப்பதற்காக மூல நெகட்டிவ்கள் லண்டனில் ஹெண்டர்சன்ஸ் என்ற லேபுக்குப் போயிருந்தன. 1993இல் அங்கே தீப்பிடித்தது. எந்த லேபும் தொட மறுத்த அந்த மிச்சத்தைத் தூக்கி எறியாமல் அமெரிக்காவில் ஆஸ்கர் அகாடமியின் ஆவணக் காப்பகம் வாங்கி வைத்துக்கொண்டது. அப்போதைய தொழில்நுட்பத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தேதான் வைத்தார்கள்.

இருபது வருடம் கழித்து கிரைட்டீரியனும் அகாடமியும் சேர்ந்து அதை இத்தாலியின் பொலோனாவில் இருக்கும் லிம்மாஜினே ரித்ரோவாதா என்ற மீட்பு லேபுக்கு அனுப்பினார்கள். சுருங்கி முறுகிப்போன ஃபிலிமுக்கு முதலில் ஈரம் ஏற்றி நெகிழ வைத்தார்கள். உருகி ஒட்டியிருந்த டேப்பையும் பசையையும் கையால் சுரண்டி எடுத்தார்கள். ஓரத்தில் உடைந்துபோன துளைகளைப் புதிதாகக் கட்டினார்கள். கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேரக் கைவேலை. ‘பதேர் பாஞ்சாலி’யில் சுமார் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்த எரிந்த நெகட்டிவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ‘அபுர் சன்சா’ருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, மிஞ்சியது உபயோகப்படுகிற நிலையில் இல்லை.

மீதிப் பகுதிக்கு வேறு காப்பகங்களில் இருந்த நகல் நெகட்டிவ்களையும் நல்ல பாசிட்டிவ்களையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் 4கேயில், அதாவது புளூரேயைப் போல் கிட்டத்தட்ட நாலு மடங்கு புள்ளிகளில், ஸ்கேன் செய்து கோத்ததுதான் இந்தப் புளூரே. மேலே சொன்ன பழைய டிவிடிகள் இந்த வேலைக்கு முந்தியவை. அவற்றில் தெரியும் கீறலுக்கும் மினுக்கத்துக்கும் டிஸ்க் போட்டவர்களை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. அவர்கள் கையில் இருந்ததே பிரதிக்குப் பிரதி எடுத்த பிரிண்ட்தான்.

எது எரிந்த நெகட்டிவ், எது நகல் என்று பார்த்தால் தெரியுமா?

உற்றுப் பார்த்தால் மாறும் இடங்கள் சில தெரியும். ஒரு ஷாட்டில் துணியின் நெசவு வரை தெரியும், அடுத்ததில் சாம்பல் கொஞ்சம் குறைந்து முகம் மெழுகுபோல் ஆகும். ஆனால் முதல் தடவை பார்க்கும்போது தயவுசெய்து இதைத் தேடாதீர்கள். நான் தேடினேன். துர்கா மழையில் நனைகிற இடத்தையே கோட்டைவிட்டேன்.

புளூரேயில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக நெளிகிறதே. டிவி கோளாறா?

இல்லை. அது க்ரெய்ன், படமே அந்தப் புள்ளிகளால்தான் ஆனது. எலும்பிலிருந்து காய்ச்சிய ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து ஃபிலிம் மேல் தடவுவார்கள். வெளிச்சம் பட்ட உப்பு, கழுவும்போது கறுப்பு வெள்ளித் துகளாக மாறும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீங்கள் கறுப்பாகப் பார்ப்பது வெள்ளி!

அப்பாவின் வேலை அந்தத் தடவும் பகுதியில். வெளிச்சம் கூடாது என்பதால் இருட்டிலேயே ஷிஃப்ட் ஓடும். எதிரே வருபவர்மேல் மோதாமலிருக்கச் சின்னதாகக் குரல் கொடுத்துக்கொண்டே நடப்பார்களாம். வீட்டில் கரண்ட் போனால் அம்மா மெழுகுவத்தி தேடுவார், அப்பா லேசாகக் கனைத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்கு நடந்து போவார்.

சில கம்பெனிகள் இந்தப் புள்ளிகளை அழுக்கு என்று நினைத்து மென்பொருளால் துடைத்துவிடுகின்றன. துடைத்தால் தோலின் ரேகையும் கூடவே போய்விடும், எல்லோரும் பவுடர் பூசிய பொம்மைகள் ஆவார்கள். இந்தப் புளூரேயில் அப்படித் துடைக்கவில்லை. எனக்கு இதைப் பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

என் டிவிடியில் படம் 120 நிமிடம்தான். ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்களா?

வெட்டவில்லை, வேகமாக ஓட்டுகிறார்கள். சினிமா நொடிக்கு 24 கட்டம். ஐரோப்பாவிலும் நம் ஊரிலும் இருந்த பால் முறை டிவி நொடிக்கு 25 கட்டம். (பால் என்றதும் ஆவினை நினைக்காதீர்கள், அந்த முறையின் பெயரே அதுதான்.) 24ஐ 25 ஆக ஓட்டினால் 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்துவிடும்.

கண்ணுக்கு இது பெரிதாகத் தெரியாது. காதுக்குத் தெரியும். வேகம் கூடினால் சுருதியும் கூடும், கிட்டத்தட்ட ஒரு அரைக்கட்டையில் முக்கால்வாசி. இந்தப் படத்துக்கு இசை ரவிசங்கர். ஒரே இரவில் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தார். எங்கள் கூட்டத்தில் வயலின் கற்றுக்கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். லண்டன் டிவிடியைப் போட்டு முதல் சித்தார் ஒலி கேட்டதுமே “என்னடா இது, அவசரத்துல இருக்காரு?” என்றார்.

ஒலி வேறு எப்படி?

எல்லாமே மோனோ. ஒற்றை ஒலிதான் இந்தப் படத்துக்குச் சரி, ஐந்து ஸ்பீக்கரில் பிரித்துக் கொடுக்கும் சரவுண்டை அணைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு இடத்தைச் சொல்கிறேன். வெளியூர் போயிருந்த அப்பா ஹரிஹர் திரும்பி வந்து, மகளுக்கு வாங்கிய புடவையை எடுத்து நீட்டுகிறார். அந்தப் பெண் இப்போது இல்லை. தாய் சர்பஜயா அதை வாங்கி வாயில் கடித்துக்கொண்டு கதறுகிறாள். அந்தக் கதறல் நமக்குக் கேட்காது. அதற்குப் பதில் தார் ஷெனாய் என்ற கம்பி வாத்தியம் உச்சத்தில் அழும். வீசிடியில் அந்த உச்சம் பிளந்து கிரீச்சிட்டது. ஒருவர் எழுந்து சத்தத்தைக் குறைக்கப் போனார். புளூரேயில் அது குரலா வாத்தியமா என்று ஒரு கணம் திகைக்க வைக்கிறது. இந்தக் காட்சிக்காக மட்டும் டிஸ்க் வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம்.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறதே, ஸூம் பண்ணலாமா?

கூடாது. படம் எடுத்ததே 1.37க்கு 1 என்ற அளவில். அகலமான டிவியில் பட்டை வந்தே தீரும். இழுத்தால் துர்கா குண்டாகிவிடுவாள், ஸூம் பண்ணினால் தலை போய்விடும்.

தமிழில் சப்டைட்டில் உண்டா?

நான் பார்த்த எந்தப் பதிப்பிலும் இல்லை, ஆங்கிலம்தான். வீசிடியில் அது படத்தின்மேலேயே பதிந்து கிடக்கிறது, அணைக்க முடியாது; வெள்ளைப் பின்னணி வந்தால் எழுத்து காணாமல் போகும். எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்க வராதவர்களுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்வோம். பாதிப் படத்துக்குமேல் அவர்களே “போதும், சும்மா இரு” என்றுவிடுவார்கள்.

அமெரிக்க டிஸ்க் நம்ம பிளேயரில் ஓடுமா?

பெரும்பாலும் ஓடாது. புளூரேவுக்கு உலகத்தை ஏ, பி, சி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா ஏ, இந்தியா சி. கிரைட்டீரியன் டிஸ்கில் ஏ பூட்டு உண்டு. டிவிடிக்கு எண் கணக்கு: அமெரிக்கா 1, இங்கிலாந்து 2, இந்தியா 5. டிவிடி பிளேயர்களில் பலவற்றை ரிமோட்டில் சில எண்களை அழுத்தியே எல்லா ஊருக்கும் திறந்துவிடலாம். புளூரே பிளேயரில் அது அவ்வளவு சுலபமில்லை. பூட்டுத் திறந்த பிளேயராகவே பார்த்து வாங்க வேண்டும். வாங்கும் முன் கடைக்காரரிடம் உங்கள் டிஸ்கைக் கொடுத்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

4கே டிஸ்க்கும் வந்திருக்காமே?

வந்திருக்கிறது. 4கே யுஎச்டி டிஸ்குக்கு ஊர்ப் பூட்டு கிடையாது என்பது நமக்கு லாபம். ஆனால் அதற்கென்று தனிப் பிளேயர் வேண்டும். 43 அங்குல டிவியில் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குப் புளூரே தாராளம். புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் யோசிக்கலாம்.

யூடியூபிலேயே இருக்கே அண்ணா, எதுக்கு இத்தனை பாடு?

இருக்கிறது, பாருங்கள். பார்க்காமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். 2015 முடிந்ததோடு இந்தப் படத்துக்கு அது தீர்ந்துவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் எதையாவது ஏற்றுகிறார்கள், பலதும் என் வீசிடிக்குத் தம்பிதான்.

டிவியில் எதை மாற்ற வேண்டும்?

‘விவிட்’ என்று ஒன்று இருக்கும், முதலில் அதை விட்டு வெளியே வாருங்கள். சினிமா மோடு வையுங்கள். வண்ண வெப்பத்தை ‘வார்ம்’ பக்கம் தள்ளுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளை நீலமாகத் தெரியும். ஷார்ப்னஸை அடியோடு குறையுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் மாட்டு வண்டிகூட சீரியல் மாதிரி நகரும். அப்புறம் புயல் இரவுக் காட்சியை ஓட்டி, மாடத்தில் இருக்கும் பிள்ளையார் சிலை இருட்டில் கரையாமல் தெரிகிற அளவுக்கு பிரைட்னஸை வையுங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

டிஸ்கில் வெள்ளையாகப் பூப்பூவாகப் படர்ந்திருக்கிறது. தூக்கிப்போட வேண்டியதுதானா?

மலையில் இருக்கிற எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அது பூசணம். ஊட்டியில் ஜூன் தொடங்கியதும், எங்கள் குன்னூரில் ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் செருப்பு, பெல்ட், கேமரா லென்ஸ் என்று எல்லாவற்றிலும் ஏறும். டிஸ்கை மட்டும் விட்டுவைக்குமா?

பெரும்பாலும் அது மேலோட்டமாகத்தான் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் தடவிக் கழுவுங்கள். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. வட்டமாக விழும் கீறல் தகவல் ஓடும் திசையிலேயே விழுவதால் பிளேயர் தடுக்கும். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி நிழலில் காய வையுங்கள். விளிம்பு வழியாக உள்ளே இறங்கி வெள்ளி நிறத் தகடே அரித்திருந்தால், விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசித்துளையாகத் தெரியும். அதற்கு வைத்தியம் இல்லை.

உறையில் இருக்கும் காகிதத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், ஈரம் முதலில் குடிப்பது அதுதான். எங்கள் வீட்டு மர பீரோவில் அம்மா காலத்திலிருந்து அடித்தட்டில் ஒரு 15 வாட் குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும், பட்டுப் புடவைக்காக. இப்போது அதற்கு மேல் தட்டில் ராய் இருக்கிறார். குண்டு பல்பு கிடைக்காதவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம், மாதம் ஒருமுறை அதைச் சூடாக்கி உலர்த்தினால்தான் வேலை செய்யும்.

இன்னொன்று: மார்கழிக் காலையில் ஜில்லென்றிருக்கும் பிளேயரை ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்து உடனே ஆன் செய்யாதீர்கள். லென்ஸில் நீர் கோத்து ‘நோ டிஸ்க்’ என்று காட்டும். அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். இது தெரியாமல் நான் ஒரு பிளேயரைக் கோவைக்குச் சுமந்துகொண்டு போனேன். அங்கே ரிப்பேர்க் கடைக்காரர் வெயிலில் வைத்துப் போட்டுக் காட்டினார், நன்றாகவே ஓடியது. ஆனாலும் லென்ஸ் மாற்றியதாகக் காசு வாங்கிக்கொண்டார்.

நம்ம குளிருக்கு ஃபிலிம் கெடாதுதானே? தமிழ்ப் படச் சுருள்களையெல்லாம் ஊட்டியில் வைத்திருந்தால் பிழைத்திருக்குமா?

பாதி சரி. ஃபிலிமுக்குக் குளிர் நல்லது, ஈரம் எமன். ஜெலட்டின் பூசணத்துக்கு விருந்து. போதாததற்கு அசிடேட் ஃபிலிம் (பழைய சுருள்கள் பலவும் இந்த வகைதான்) ஈரத்திலும் சூட்டிலும் காடி வாடை அடித்துச் சுருங்க ஆரம்பித்தால், பக்கத்து டப்பாவில் இருப்பதற்கும் தொற்றும். நம் மலையில் குளிர் இலவசம், வறட்சியைக் காசு கொடுத்து உண்டாக்க வேண்டும். ஃபேக்டரியை ஊட்டியில் வைத்ததற்குத் தூசியில்லாத காற்றும் குளிர்ச்சியும் காரணம் என்பார் அப்பா. ஆனால் உள்ளே காற்றின் ஈரத்தை அளந்து கட்டுப்படுத்த எந்திரம் ராப்பகலாக ஓடியதையும் அவர்தான் சொன்னார்.

உங்கள் புளூரேயை ஒரு வாரம் இரவல் தருவீர்களா?

வீசிடி தருகிறேன். அதிலும் இரண்டாவது டிஸ்க் இப்போது கேத்தியில் ஒருவரிடம் இருக்கிறது, தந்து ஏழு மாதம் ஆகிறது. புளூரே பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள், அந்த முன்னறையில் ஹீட்டர் ஒன்றுதான், அதையும் பிளேயர் பக்கம் திருப்பி வைத்திருப்போம்.